அரிய சிதைவுகளில் எதைப் பின்தொடர்வது? பாம்பன் மாணவியின் முன் நான்கு வழிகள்

என் மாணவி ஒருத்தி போன வாரம் ராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, மேசைமேல் நான்கு தாள்களைப் பரப்பினாள். பாம்பன் பெண். அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கிறவர். அப்பா நாட்டுப்படகில் போகிறவர். இவள் முதுகலை இயற்பியலை முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தேறி, நான்கு இடங்களில் நேர்காணலைக் கடந்துவிட்டாள். நான்கும் ஒரே துறையின் நான்கு வாசல்கள். கனத்த துகள்கள் கோடிக்கணக்கில் ஒருமுறை வழக்கத்தை விட்டு விலகிச் சிதைவதைத் தேடிப் பிடித்து, துகள் இயற்பியலின் கோட்பாடு அங்கேயும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் துறை அது.

ஒரு தாள், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இயங்கும் சி.எம்.எஸ். சோதனையின் தரவை ஆராயும் இந்தியக் குழுவினுடையது. இன்னொன்று ஜப்பானின் பெல் 2 சோதனையில் பங்குகொள்ளும் இந்தியக் குழுவினுடையது. மூன்றாவது, ஜப்பானிலேயே கேயான் என்ற துகளின் சிதைவைத் தேடும் ஒரு பல்கலைக்கழகக் குழு. நான்காவது சென்னையில் கோட்பாட்டு ஆய்வு. "எதை எடுக்கட்டும், சார்?" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

அன்று வாயால் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்தக் கடற்கரையிலிருந்து இன்னும் பிள்ளைகள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவதே நியாயம்: அவளுக்கு நான் சொன்னது பெல் 2. அதை எந்த அளவுகோல்களால் தேர்ந்தேன் என்பதைத்தான் படிக்கிறவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், சிதைவு ஏன் அரிதாக இருக்க வேண்டும்? ஸ்டாண்டர்ட் மாடல் என்று வகுப்பில் சொல்கிறோமே, அந்தத் திட்ட மாதிரி, ஒரு பாட்டம் குவார்க் (குவார்க்குகள் புரோட்டான் போன்றவற்றைக் கட்டும் அடிப்படைத் துகள்கள்) தன் மின்னூட்டம் மாறாமலே ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக மாறுவதை நேர்வழியில் அனுமதிப்பதில்லை. சுற்றுவழி ஒன்று உண்டு. டபிள்யூ துகளும் டாப் குவார்க்கும் கணநேரம் தோன்றி மறையும் ஒரு வளையத்தின் வழியாக அந்த மாற்றம் நடக்கலாம். டாப் குவார்க் புரோட்டானைப் போல் 184 மடங்கு கனம். பாட்டம் குவார்க்கைச் சுமக்கும் பி மேசானோ புரோட்டானைப் போல் ஐந்தரை மடங்குதான். அவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு சிறியதன் சிதைவுக்குள் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. அப்படியானால் எந்த முடுக்கியாலும் இதுவரை உண்டாக்க முடியாத, இன்னும் கனத்த துகள் ஒன்று இருந்தால், அதுவும் அதே வளையத்தில் நுழைந்து சிதைவின் வீதத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் புதிதாக ஒரு காலடித் தடம் விழுந்தால் யார் கண்டார்கள்? மனிதர் குடியில்லாத மனோலித் தீவின் மணலில் அதே தடம் விழுந்தால் வனக்காவலர் அன்றே கவனிப்பார். அரிய சிதைவு அந்தத் தீவு மணல்.

இது வெறும் ஆசை என்று நினைக்க வேண்டாம்; வரலாறு இதற்குப் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964இல்தான், அமெரிக்காவின் புரூக்ஹேவனில் கிரோனினும் ஃபிட்சும் அவர்களுடைய தோழர்களும் நடுநிலைக் கேயானின் 22,700 சிதைவுகளில் 45 மட்டும் விதிப்படி வரக்கூடாத வழியில் வந்ததைக் கண்டார்கள். ஆயிரத்தில் இரண்டு. அந்த இரண்டுக்கு விளக்கம் தேடிய கோபயாஷியும் மஸ்கவாவும் 1973இல், குவார்க்குகள் மூன்று தலைமுறையாவது இருந்தாக வேண்டும் என்றார்கள். அப்போது இரண்டாம் தலைமுறையே முழுதாகக் கண்டறியப்படவில்லை. அதற்கு முன்பே 1970இல், கேயான் இரண்டு மியூவான்களாக (எலெக்ட்ரானின் கனத்த உறவுத் துகள்) உடைவது கணக்குக்கு மாறாக மிக அரிதாக இருப்பதைப் பார்த்த கிளாஷோ, இலியோபூலோஸ், மயானி மூவரும், நான்காவது குவார்க் ஒன்று இருந்து முந்தைய பங்கை அடித்துச் சமன்செய்கிறது என்றார்கள். 1974 நவம்பரில் அந்த சார்ம் குவார்க் இரண்டு ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் கிடைத்தது. 1987இல் ஜெர்மனியின் ஆர்கஸ் சோதனை, பி மேசான் தன் எதிர்த்துகளாக எதிர்பாராத வேகத்தில் மாறுவதைக் கண்டபோது, டாப் குவார்க் அன்று பலரும் எண்ணியதைவிட மிகக் கனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அது நேரில் அகப்பட்டது 1995இல். மூன்று தடவையும் அரிய நிகழ்வு முன்னே வந்தது, துகள் பின்னே வந்தது. இந்தத் துறைக்கு ஒரு பிள்ளையை அனுப்ப எனக்குத் துணிவு தருவது இந்த வரிசைதான்.

ஆனால் துறை நல்லது என்பதால் அதன் ஒவ்வொரு வாசலும் நல்லதாகிவிடாது. எண்ணிக்கையின் அருமையைப் பார்த்து மயங்குவது மாணவர்களின் முதல் தவறு. நூறு கோடியில் ஒன்று என்பதைவிடப் பத்தாயிரம் கோடியில் ஒன்று பெரிய வேட்டை என்று தோன்றும். அருமை ஒரு அளவுகோலே அல்ல. நான் அவளிடம் கேட்கச் சொன்னவை வேறு. கோட்பாடு தன் விடையை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறது? நிஜ நிகழ்வைப் போல வேடமிட்டு வரும் போலிகளை எண்ணிவிட முடியுமா? நீ ஆய்வு செய்யும் ஐந்தாறு ஆண்டுக்குள் புதிய தரவு வருமா?

இரண்டாவது கேள்வியைக் கீழக்கரைச் சங்கு வியாபாரிகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். வலம்புரிச் சங்கு நம் கடலில் எத்தனை அரிது என்பது குளியாட்களுக்குத் தெரியும். ஆனால் சந்தையில் வலம்புரி என்று விற்கப்படுவதில் வேறொரு இனச் சங்கும் கலந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்கரையில் கிடைக்கும் அந்த இனம் இயல்பாகவே அந்தப் பக்கம் சுழல்வது. அங்கே அது அரிதே அல்ல. சுழியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே தண்டில் இருக்கும் மடிப்புகளைப் பார்த்தால்தான் எது நம் சங்கு, எது வந்த சங்கு என்று பிரிக்க முடியும். தேடும் பொருள் அரிதாக அரிதாக, போலியின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இதை நானே நேரில் அனுபவித்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2021 மார்ச்சில் செர்னின் எல்.எச்.சி.பி. சோதனை ஓர் அளவீட்டை வெளியிட்டது. பி மேசான் ஒரு கேயானும் இரண்டு மியூவான்களுமாகச் சிதைவதையும், ஒரு கேயானும் இரண்டு எலெக்ட்ரான்களுமாகச் சிதைவதையும் எண்ணி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தார்கள். திட்ட மாதிரிப்படி விடை ஏறக்குறைய 1. அவர்களுக்குக் கிடைத்தது 0.846. தற்செயலாக இப்படி வர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். துறையின் மொழியில் 3.1 சிக்மா; எண் பெரிதாக, தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். கோட்பாட்டுப் பிழை தொகுதியிலும் பகுதியிலும் வெட்டுப்பட்டுப் போகும் விகிதம் என்பதால், முதல் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடைப்பது அரிது. அந்த ஏப்ரலில் இணையவழி வகுப்பில் இரண்டு மணி நேரம் இதைப் பற்றியே பேசினேன். மியூவானையும் எலெக்ட்ரானையும் இயற்கை வேறுபடுத்திப் பார்க்கிறது, புதிய விசை ஒன்று வாசலில் நிற்கிறது என்று உணர்ச்சியோடு சொன்னேன். இந்த மாணவி அப்போது இளங்கலை முதலாண்டு. பாம்பனில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தவள், "எலெக்ட்ரானைச் சரியாக எண்ணியிருக்கிறார்களா, சார்?" என்று கேட்டாள். அவர்கள் அதையெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று பதில் சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

2022 டிசம்பரில் அதே குழு எல்லாத் தரவையும் எடுத்து மறுபடி ஆராய்ந்து, விகிதம் 1க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, 0.949 என்று சொன்னது. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டதும் அதே டிசம்பர் என்பதால் எனக்கு அந்த மாதம் மறக்காது. காரணம்: பையான், கேயான் போன்ற துகள்கள் சில உணர்கருவியில் எலெக்ட்ரானைப் போலவே கையெழுத்திட்டுச் சென்றிருந்தன, அவை எண்ணிக்கையில் புகுந்து எலெக்ட்ரான் பக்கத்தை ஊதிவிட்டன. அவள் கேட்ட கேள்விதான் விடையாக வந்தது. ஒரு பெரிய குழு தன் புகழ்பெற்ற முடிவைத் தானே சோதித்துத் திருத்தியதைப் பெருமையாகவே நினைக்கிறேன். ஒரு முதலாண்டு மாணவியின் சரியான கேள்வியை நான் தாண்டிப் போனது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவளுக்கு ஆலோசனை சொல்லும்போது போலிகளின் மேல் இவ்வளவு கண் வைப்பதற்கு அதுவே காரணம்.

இனி வழிகள். சி.எம்.எஸ். தாளில் இருந்த தலைப்பு, பாட்டமும் ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்த பி-எஸ் மேசான் இரண்டு மியூவான்களாக மட்டும் சிதைவது. இந்தச் சிதைவின்மேல் எனக்கு நெடுநாள் மதிப்பு உண்டு. கோட்பாடு சொல்லும் வீதம் நூறு கோடியில் 3.66, அதன் பிழை எல்லை நான்கு விழுக்காடு அளவுதான். 1980களில் தொடங்கிய தேடலில், 2012 நவம்பரில் எல்.எச்.சி.பி. முதல் சான்றைக் காட்டியது. 2015இல் சி.எம்.எஸ்.ஸும் எல்.எச்.சி.பி.யும் தரவைச் சேர்த்து அதை உறுதிப்படுத்தின. 2022இல் சி.எம்.எஸ். தனியாக அளந்தது நூறு கோடியில் 3.83. எல்.எச்.சி.பி. அளந்தது 3.09. இரண்டும் பிழை எல்லைக்குள் கோட்பாட்டோடு ஒத்துப்போகின்றன. திட்ட மாதிரிக்கு அப்பால் புதிய துகள்களை முன்வைக்கும் மிகைச்சீர்மைக் கோட்பாட்டின் பல வடிவங்கள் இந்த வீதம் பலமடங்கு இருக்கும் என்று சொல்லியிருந்தன. அவற்றில் பலவற்றை இந்த ஒரு சிறிய எண் வெளியே தள்ளிவிட்டது. ஒன்றும் புதிதாகக் காணாமலே ஓர் அளவீடு இவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

இங்கே போலிகள் உண்டு, ஆனால் அடங்கும் வகை. பையானோ கேயானோ பறக்கும்போதே மியூவானாகச் சிதைந்து ஏமாற்றும். அவற்றை வேறு சிதைவுகளைக் கொண்டு எண்ணலாம். பி மேசான் நொடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒன்றரைப் பங்கு நேரமே வாழும். ஆனாலும் வேகத்தால் மோதல் இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிச் சென்று சிதைவதால், அந்த இடைவெளியே அதன் அடையாளம். அளவீட்டின் பிழை இன்னும் பத்து விழுக்காட்டுக்கு மேல், கோட்பாட்டின் பிழை நான்கு; ஆக முன்னேற இடமும் இருக்கிறது. இதன் உடன்பிறப்பான பி-டி மேசானின் சிதைவு நூறு கோடியில் 0.1 மட்டுமே, அதை இன்னும் யாரும் உறுதியாகக் காணவில்லை.

பிறகு ஏன் இதை எடுக்கச் சொல்லவில்லை? காலம். நம் கடலில் தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15இல் நின்ற விசைப்படகுகள் ஜூன் பாதியில் மறுபடி கிளம்பிவிடும். செர்னின் பெரிய மோதல் வளையத்துக்கு 2026 நடுவில் தொடங்கும் தடைக்காலமோ ஏறத்தாழ நான்கு ஆண்டு. ஒளிச்செறிவு (மோதல்களின் அடர்த்தி) கூட்டப்பட்ட வளையம் 2030இல்தான் மோதல்களைத் தரத் தொடங்கும் என்பது திட்டம். இவள் ஆய்வுக்காலம் முழுவதும் அந்த இடைவெளியில் விழுகிறது. ஏற்கெனவே சேர்த்த தரவில் நிறைய வேலை இருக்கிறது, நல்ல ஆய்வேடு எழுதலாம். ஆனால் உணர்கருவி உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இரவுப்பணியில் உட்கார்ந்து, ஒரு பகுதி கெட்டுப்போனால் தரவு எப்படிக் கெடுகிறது என்று கண்ணால் பார்க்கிற அனுபவம் கிடைக்காது. போலிகளைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படும் எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. 2029இல் யாராவது இதே கேள்வியோடு வந்தால் என் பதில் மாறக்கூடும்.

பெல் 2க்கு வருகிறேன். டோக்கியோவுக்கு வடகிழக்கே சுகுபா நகரில், 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதுகின்றன. செர்னில் மோதுவது புரோட்டான்கள். வேறுபாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம்: புரோட்டான் மோதல் கரைவலை, எலெக்ட்ரான் மோதல் தூண்டில். கரைவலையில் மீன் ஏராளம். கூடவே சொறியும் பாசியும் உடைந்த சங்கும் சேர்ந்து வரும், பிரித்தெடுப்பதே பெரும்பாடு. தூண்டிலில் வருவது குறைவு. வருவது என்ன என்று தெரிந்து வரும். சுகுபாவில் மோதலின் மொத்த ஆற்றல் முன்கூட்டியே தெரியும். இரண்டு பி மேசான்கள் பிறந்தால், கூடவே வேறொன்றும் பிறக்காது. ஒன்றை முழுதாகக் கூட்டிப் பார்த்துவிட்டால், மீதி எல்லாம் மற்றொன்றினுடையது. இந்தக் கழித்தல் கணக்கு புரோட்டான் மோதலில் நடவாது.

இதனால்தான் பெல் 2இல் மட்டும் ஒரு தனி வேட்டை சாத்தியமாகிறது: பி மேசான் ஒரு கேயானும் இரண்டு நியூட்ரினோக்களுமாகச் சிதைவது. நியூட்ரினோ எதிலும் சிக்காது. கையில் கிடைப்பது ஒரே ஒரு கேயான் தடம்; மீதியெல்லாம் காணாமல் போன ஆற்றல். மியூவான், எலெக்ட்ரான் வரும் சிதைவுகளில் சார்ம் குவார்க் வளையம் புகுந்து கணக்கைக் கலக்கும். பி மேசான் ஒரு கே-ஸ்டார் துகளும் (கேயானின் கனத்த வடிவம்) இரண்டு மியூவான்களுமாகச் சிதையும்போது அவை பறக்கும் கோணங்கள் 2013 முதல் கோட்பாட்டோடு பொருந்தாமல் நிற்கின்றன, சி.எம்.எஸ்.ஸும் பின்னால் அதே விலகலைக் கண்டது. ஆனால் அது புதிய இயற்பியலா, நாம் சரியாகக் கணக்கிடாத சார்ம் வளையமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நியூட்ரினோச் சிதைவில் அந்தத் தொல்லை இல்லை. கோட்பாடு சொல்லும் வீதம் பத்து லட்சத்தில் ஐந்தரை.

2023இல் பெல் 2 சொன்னது பத்து லட்சத்தில் 23, பிழை எல்லை 7. இந்தச் சிதைவு உண்மையிலேயே நடக்கிறது என்பதற்கு 3.5 சிக்மா சான்று, கோட்பாட்டைவிட 2.7 சிக்மா மேலே. செய்தித்தாள் படிக்கிறவர் இங்கேயே நின்றுவிடுவார். ஆய்வாளராகப் போகிறவள் அடுத்த அடுக்கைப் பார்க்க வேண்டும். அந்த எண் இரண்டு முறைகளைச் சேர்த்து வந்தது. மற்ற பி மேசானைத் தளர்வாக மட்டும் பார்த்து, கணினிக் கற்றலால் நிகழ்வைப் பிரிக்கும் புதிய முறை 27 என்றது. மற்றதை முழுதாகக் கூட்டும் பழைய முறை 11 என்றது. அது கோட்பாட்டிலிருந்து விலகவே இல்லை. புதிய முறைக்கு நிகழ்வுகள் அதிகம், போலிகளும் அதிகம். பழையதற்கு இரண்டுமே குறைவு. எது சரி என்பது இப்போதைக்குத் திறந்த கேள்வி. இங்கே போலி வேடம் போடுவது யார் தெரியுமா? நீண்ட ஆயுளுள்ள நடுநிலைக் கேயான். மின்னூட்டம் இல்லாததால் தடம் விடாது. சில சமயம் உணர்கருவியில் எதையும் தொடாமல் வெளியேறிவிடும். இரண்டு நடுநிலைக் கேயான்கள் தப்பினால் அது இரண்டு நியூட்ரினோவைப் போலவே தெரியும். 2021இல் இணைய வகுப்பில் அவள் கேட்டதன் அண்ணன் தம்பிக் கேள்வி இது. அதனால்தான் இந்தத் தாளைப் படித்ததும் என் மனம் இங்கே நின்றது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சுகுபாவின் அந்த வளையம், சூப்பர் கே.இ.கே.பி., 2024 டிசம்பரில் உலகச் சாதனை ஒளிச்செறிவை எட்டியது. ஆனால் வடிவமைப்பின் இலக்கில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கற்றை திடீரென்று, முன்னறிவிப்பில்லாமல், மைக்ரோ நொடிகளில் சிதறிப்போகும் தொல்லை அங்கே உண்டு. அதைத் தீர்க்க அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நியூட்ரினோச் சிதைவின் 2023 முடிவு ஏறத்தாழ 39 கோடி பி மேசான் இணைகளிலிருந்து வந்தது. அதன் முன்னோடியான பெல் சோதனை 2010இல் மூடும்முன் 77 கோடி இணைகளைச் சேர்த்து வைத்திருந்தது. புதியது பழையதைத் தாண்டவே இவ்வளவு காலம். தரவு வரும், மெதுவாக வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும். என் கணிப்பு: வருகிற வேகத்திலேயே வந்தாலும், அந்த 27க்கும் 11க்கும் இடையிலான வழக்கில் ஒரு பக்கம் சாய்வதற்கு ஐந்தாறு ஆண்டுத் தரவு உதவும். ஒரு மாணவியின் ஆய்வுக்காலமும் ஒரு கேள்வியின் ஆயுளும் இப்படிப் பொருந்துவது அடிக்கடி கிடைப்பதில்லை.

நம் நாட்டவர் அங்கே விருந்தாளிகள் அல்ல என்பதும் முக்கியம். பெல் 2இன் சிலிக்கான் உணர்கருவியில் நான்காம் அடுக்கைக் கட்டியதில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் முன்னின்றார்கள். சென்னை ஐ.ஐ.டி. பெல் 2இலும் சி.எம்.எஸ்.ஸிலும் இருக்கிறது. கருவியைக் கட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து தரவை ஆராய்வதற்கும், தொலைவிலிருந்து கோப்பாக வாங்கி ஆராய்வதற்கும் வேறுபாடு உண்டு.

கேயான் வழி என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே கவனமாக விலக்கினேன். கேயான் கனத்த துகள் அல்ல, புரோட்டானின் பாதி எடைதான். ஆனால் ஒரு பையானும் இரண்டு நியூட்ரினோக்களுமாக அது சிதைவதைப் போலக் கோட்பாடு தெளிவாக அறிந்திருக்கும் அரிய சிதைவு வேறு அநேகமாக இல்லை. மின்னூட்டமுள்ள கேயானுக்குப் பத்தாயிரம் கோடியில் சுமார் 8 என்பது கணக்கு. செர்னின் என்.ஏ.62 சோதனை 2024 செப்டம்பரில் அறிவித்தது பத்தாயிரம் கோடியில் 13. அவர்கள் கையில் அகப்பட்டவை 51 நிகழ்வுகள். அவற்றில் 18 போலியாக இருக்கலாம் என்று அவர்களே எண்ணிச் சொன்னார்கள். இந்த நேர்மையான எண்ணுதலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் கூடத்தில் கேயான் வேட்டையைத் தொடரும் திட்டம் 2024இல் தேர்வாகவில்லை. இடம் ஷிப் என்ற வேறு சோதனைக்குப் போனது. மாணவிக்குத் தாள் வந்தது ஜப்பானின் கோட்டோ சோதனையின் பக்கமிருந்து. அது நடுநிலைக் கேயானைத் தேடுகிறது. கோட்பாடு சொல்வது பத்தாயிரம் கோடியில் 3. அவர்கள் இதுவரை எட்டியிருக்கும் எல்லை அதைப் போல் 70 மடங்கு மேலே. வேறு புதிய இயற்பியல் வந்து வீதத்தைக் கூட்டாவிட்டால், இவள் ஆய்வுக்காலத்தில் ஒரு நிகழ்வைக்கூடப் பார்க்காமல் போகலாம். எல்லையைக் கீழே தள்ளுவதும் அறிவியல்தான். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, அடுத்த வேலைக்குத் தாளைக் காட்ட வேண்டிய பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலெக்ட்ரானின் இன்னொரு கனத்த உறவான டாவ் துகள் மியூவானும் ஒளித்துகளுமாகச் சிதைகிறதா என்ற தேடலும் பெல் 2க்குள்ளேயே இருக்கிறது. வேண்டுமானால் அங்கே போனபின் அதற்கு மாறிக்கொள்ளலாம். டாப் குவார்க்கின் அரிய சிதைவுகளை நான் இப்போது யாருக்கும் சொல்ல மாட்டேன். திட்ட மாதிரி அங்கே கொடுக்கும் வீதம், இன்றைய சோதனைகளின் எல்லையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு கீழே கிடக்கிறது.

கோட்பாட்டுத் தாளை அவள் கடைசியில் வைத்திருந்தாள், நான் முதலில் எடுத்துப் பார்த்தேன். பி மேசான் கேயானாக மாறும்போது குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் பங்கைக் கணக்கிடும் வேலை. காலவெளியைப் பின்னலாக வெட்டி மீக்கணினியில் கூட்டும் முறை. அளவீடு எவ்வளவு துல்லியமானாலும் இந்தக் கணக்கு துல்லியப்படாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. செலவும் குறைவு, தரவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், ராமேஸ்வரத்திலிருந்து ஓர் இரவு ரயில்தான். அவளுடைய அம்மாவுக்குப் பிடித்த தாள் இதுவே. கணக்கில் மட்டும் ஆர்வமுள்ள பிள்ளையென்றால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் இவள் கருவியைத் திறந்து பார்க்கிற கை உள்ளவள். கல்லூரி ஆய்வகத்தில் பழைய கெய்கர் எண்ணியைப் பிரித்து ஓட வைத்தது இவள்தான். அந்தக் கையை ஆறு ஆண்டு கணினித் திரைமுன் கட்டிவைப்பது சரியில்லை.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பேசாமல் இருக்க முடியாது. 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000; வீட்டு வாடகைப்படி தனி. இந்தியக் குழு இரண்டிலும் கோட்பாட்டிலும் இது ஒன்றேதான். அவள் வீட்டுக்கு மாதம் கொஞ்சம் அனுப்ப முடியும். ஜப்பான் பல்கலைக்கழகத்தின் தொகை எண்ணில் பெரிது, அங்கே வாழும் செலவும் பெரிது. பெல் 2இல் சேர்ந்தால் இங்கேயே பதிவு செய்துகொண்டு, பணிமுறைக்காகச் சில மாதங்கள் மட்டும் சுகுபா போய்வரலாம். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "பொங்கலுக்கு வருவாளா?" வருவாள் என்று சொல்ல முடிந்தது எனக்கும் நிம்மதி.

ஒரு நிபந்தனையும் போட்டேன். எந்தக் குழு என்பதைவிட, யாருக்குக் கீழே என்பது பெரிது. கையெழுத்திடுமுன் அந்த ஆய்வாளருக்கு எழுதி மூன்று விஷயங்களைக் கேட்கச் சொன்னேன். அவருடைய முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மாணவர் முதல் ஆண்டில் உணர்கருவிப் பணியில் கைவைக்க முடியுமா. ஒரு முடிவு தவறு என்று மாணவருக்குத் தோன்றினால், அதைக் குழுக்கூட்டத்தில் சொல்ல இடமுண்டா. மூன்றாவதற்கு வரும் பதிலின் தொனியைக் கவனமாகப் படி என்றேன். பதில் வழுக்கினால் சி.எம்.எஸ். தாளை எடு, அந்தக் குழுத் தலைவர் நேர்காணலில் அவளோடு அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார், அது நல்ல அறிகுறி.

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தபின் வாசலில் நின்றபடி கேட்டாள்: "நடுநிலைக் கேயான் எத்தனை தப்பிப் போகிறது என்று அங்கே எதை வைத்து அளக்கிறார்கள், சார்?" தப்பாமல் சிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த வேறு சிதைவுகளை வைத்து அளப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அந்த அளவீட்டின் பிழை எவ்வளவு, அது 27இல் எத்தனை பங்கு என்பது அவளுடைய அடுத்த கேள்வி. இந்த முறை பக்கத்தைப் புரட்டவில்லை. அதை நான்காவது கேள்வியாக அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லி, பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.